சோதனைச் சர்வரில் அப்பாவின் எண்

1

வருகிற மாதத்தோடு நான் இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஊர் என்றால் ஜெர்மனியின் தெற்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர நகரம். பேரைச் சொன்னால் உங்களுக்கு வாயில் நுழையாது, எனக்கே ஆறு மாதம் ஆனது. வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் நாலு பக்கம் எழுதிச் சங்ககிரியில் இருக்கிற சிநேகிதர்களுக்கு அனுப்புவது என் வழக்கம். ரயில் தாமதமானதையும், குப்பையை நிறம் நிறமான தொட்டிகளில் பிரித்துப் போடத் தெரியாமல் பக்கத்து வீட்டம்மாவிடம் திட்டு வாங்கியதையும் எழுதுவேன். நீங்களும் படித்துச் சிரித்திருக்கிறீர்கள்.

இந்த வருஷம் சிரிக்க ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து திரும்பிய நாள் முதலாய் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களில் பாதிப் பேர் அப்பாவைத் தினமும் பார்க்கிறவர்கள். எப்படியும் உங்கள் காதுக்கு வந்துவிடும், அது என் வாயாலேயே வரட்டும்.

2

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். "கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டறான்" என்பதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கிடங்குகளில் சரக்கு வருவதையும் போவதையும் பதிகிற ஒரு வலைச் செயலியை எங்கள் நிறுவனம் நடத்துகிறது. ஜாவாவில் எழுதியது. அது ஒரு ஃப்ரேம்வொர்க்கின் மேல் நிற்கிறது. லாரிப் பட்டறைக்கு நடுவில் வளர்ந்த உங்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: ஃப்ரேம்வொர்க் என்பது சேஸிஸ். அதைக் கம்பெனியிலிருந்து எடுத்து வருகிறோம், பாடி நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும். எந்த ஒயர் எந்த விளக்குக்குப் போகிறது என்று எழுதி வைக்கிற தாள்தான் அமைப்புக் கோப்பு. தரவுத்தளம் எங்கே இருக்கிறது, கடவுச்சொல் என்ன, செயலி கிளம்பினால் யாருக்குச் சொல்ல வேண்டும், கிளம்பாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்களுடையது எக்ஸ்.எம்.எல். என்கிற எழுத்துமுறையில் நூற்றுக்கணக்கான வரிகள். ஒரு அடைப்பை மூட மறந்தால் போதும், வண்டி கிளம்பாது. ஏன் கிளம்பவில்லை என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்கு வசவு மட்டும் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், செயலியோடு குறுஞ்செய்திச் சேவையை இணைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். செயலி நல்லபடியாகக் கிளம்பியதா இல்லையா என்று பொறுப்பாளரின் கைபேசிக்கு ஒரு செய்தி போக வேண்டும். சோதித்துப் பார்க்க உன் நம்பரைப் போட்டுக்கொள் என்றார்கள். என்னிடம் நம்பர் எங்கே இருந்தது? கைபேசி இணைப்புக்கு வங்கிக் கணக்கு கேட்டார்கள். வங்கிக்குப் போனால் முகவரிப் பதிவுச் சான்று கேட்டார்கள். பதிவுக்குப் போனால் வீட்டு உரிமையாளரின் கையெழுத்து கேட்டார்கள். அந்த மனுஷன் ஸ்பெயினுக்கு விடுமுறைக்குப் போய்விட்டான். நான் என்ன பண்ணுவேன்? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு எண்தான், அப்பாவுடையது. புதிதாக எழுதியதை ஓட்டிப் பார்க்க மட்டும் வைத்திருக்கிற சோதனைச் சர்வரின் அமைப்புக் கோப்பில் அதைப் போட்டேன். செய்தி போய்விட்டது என்று திரையில் பச்சை காட்டியது. அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

எண்ணை மாற்ற மறந்தேன். அப்புறம் அது அங்கே இருப்பதையே மறந்தேன். சோதனைச் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்ததும் என் முதல் வேலை, முந்தைய நாள் எல்லோரும் எழுதியதை அதில் ஏற்றி, அதைக் கிளப்புவது. கிளப்பிவிட்டுக் காப்பி எடுக்கப் போவேன். நான் விடுப்பில் இருந்தால் அதை யாரும் தொட மாட்டார்கள்.

3

அப்பாவின் தொழில் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் மகளும் ஒருநாள் யாரையாவது விட்டு இதைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள் என்று ஒரு நப்பாசை.

அப்பாவுக்கு இரண்டு லாரி இருந்தது. டிரைவர் ஒவ்வொரு முக்கியமான இடத்தைத் தாண்டும்போதும் அப்பாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு தடவை அடித்து நின்றால் நல்லபடியாகத் தாண்டியாச்சு என்று அர்த்தம். இரண்டு தடவை அடித்தால் ஏதோ கோளாறு, திருப்பிக் கூப்பிடு என்று அர்த்தம். ஒரு ரிங்கை எடுத்துப் பேசுகிறவன் தொழில் தெரியாதவன். தாண்டினாயா என்று பிறகு விசாரிப்பதும் கிடையாது. வந்தது, தெரிந்தது, அவ்வளவுதான். வர வேண்டிய ரிங் வராவிட்டால் மட்டும் அப்பா சாப்பிட உட்கார மாட்டார். அம்மா இருந்த காலத்தில் இதற்காகவே வீட்டில் சண்டை நடக்கும்.

முழங்கால் போன பிறகு அப்பா வண்டிகளை விற்றுவிட்டார். அம்மாவும் போய்ச் சேர்ந்த பின், பகல் முழுக்கச் சின்னுசாமி மாமாவின் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்திருப்பார். மாமா அப்பாவின் பால்ய சிநேகிதர். மத்தியானச் சோற்றைப் போசியில் எடுத்துக்கொண்டு போய் அங்கேயே சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூப்பிடுவேன். ஐந்து நிமிஷம் பேசுவோம். "எப்படி சாமி இருக்கறே" என்று கேட்கவே மாட்டார். "நீ நல்லா இருக்கறது தெரியுது" என்பார். நானும் பெரியவர் ஏதோ வாய்வழக்கத்துக்குச் சொல்கிறார் என்று விட்டுவிடுவேன். மகள் எட்டிப் பார்த்துத் தாத்தாவுக்கு "ஹலோ அப்பாரு" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி அந்த இரண்டு வார்த்தையிலேயே தீர்ந்துபோகும்.

4

இந்த வருஷம் எங்கள் ஃப்ரேம்வொர்க்கின் பழைய பதிப்புக்கு ஆயுள் முடிந்தது. புதிய பதிப்புக்கு மாற வேண்டும். அதில் எக்ஸ்.எம்.எல். கிடையாது. பெரும்பாலான அமைப்புகளை ஜாவா நிரலுக்குள்ளேயே சின்னக் குறிப்புகளாக எழுதிவிடலாம், மிச்சத்துக்கு ஒரு சின்னக் கோப்பு போதும். பழைய கோப்பை வரி வரியாகப் படித்து, இது தேவையா, தேவையில்லையா என்று பார்த்து மாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. மாதக் கணக்கில் அதைச் செய்தேன். எழுதியவர்கள் பாதிப் பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். எதற்கு என்றே தெரியாத வரிகள் ஏராளம். ஒன்றை எடுத்தால் வேறெங்கோ ஒன்று நின்றுபோகும். சனியன் பிடித்த வேலை.

ஒருநாள் அந்த எண் கண்ணில் பட்டது. +91 என்று தொடங்கியதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அட, நம்ம அப்பா நம்பர்! இத்தனை வருஷமாக இங்கேயே கிடக்கிறதே, பாவம் மனுஷனுக்கு எத்தனை குப்பைச் செய்தி போயிருக்கும் என்று நினைத்தேன். பட்டன் போன் வைத்திருக்கிறவர், இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, பார்த்திருக்கவே மாட்டார் என்றும் நினைத்தேன். வரியை அழித்தேன். என்ன மாற்றம் செய்தோம் என்று குறிப்பு எழுத வேண்டும். 'தேவையற்ற பழைய எண் நீக்கப்பட்டது' என்று எழுதினேன். அடுத்த திங்கட்கிழமை புதிய சோதனைச் சர்வர் ஓடத் தொடங்கியது. கிளம்பிய செய்தி இனி எங்கள் குழுவின் மின்னஞ்சலுக்கு மட்டும் வரும்.

புதன்கிழமை கூட்டத்தில் இருந்தபோது மாமா கூப்பிட்டார். அவர் எனக்குப் போன் செய்ததே கிடையாது. வெளியே ஓடி வந்து எடுத்தேன்.

"மாப்ள, நீ நல்லா இருக்கறயா?"

"நல்லா இருக்கறனுங்க மாமா. ஏனுங்க, அப்பாவுக்கு ஏதாவதுங்களா?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு மூணு நாளாப் பொலம்பிட்டு இருக்கறாரு. போசியத் தொறக்கவே மாட்டேங்கறாரு. இந்தா, நீயே பேசு."

அப்பா வாங்கினார். குரல் இறங்கியிருந்தது.

"சாமி, வேலைக்குப் போகலையா? ஒடம்புக்கு முடியலையா? இல்ல வேலைய உட்டு நிறுத்திப்போட்டாங்களா? எங்கிட்டச் சொல்லு, நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"தெனமும் போயிட்டுத்தான் இருக்கறனுங்கப்பா."

"பொறகு எதுக்குச் சேதி போடல?"

"என்ன சேதிங்க?"

"நீ ஆபீசு போனதும் போடுவியே, அந்த ஓகே."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அந்த நடைபாதையிலேயே அழுகை வந்துவிட்டது. செய்தி இங்கிலீஷில் இருக்கும், கடைசி இரண்டு எழுத்து ஓகே. அப்பா முப்பது வருஷம் லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்தவர். ஹாரன் அடி என்பதோடு சேர்த்து அங்கே எழுதியிருப்பார்களே, அந்த ஓகே அவருக்குப் பார்த்ததும் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலிருந்து அதே நேரத்துக்கு ஒரு வெளிநாட்டு நம்பரிலிருந்து அது வந்திருக்கிறது. பையன் போய்ச் சேர்ந்துவிட்டான். மிஸ்டு கால் மாதிரி. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காததும் அதனால்தான்.

"மெசின் மாத்துனோமுங்க, அதுல ஒரு கோளாறு. நாளையில இருந்து போடறனுங்கப்பா" என்றேன்.

"அதானே பார்த்தேன்" என்று சிரித்தார். போசி மூடியைத் திறக்கிற சத்தம் போனில் கேட்டது.

அன்று மாலை மாமாவைத் திரும்பக் கூப்பிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டேன். பதினோரு வருஷமாக நடக்கிறதாம். பங்குனியிலிருந்து ஐப்பசி வரைக்கும் ஒரு மணி நேரம் முன்னாடியே வருமாம். இங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பார்கள், அதனால். அப்பா அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்: "என்ற பையன் வெய்யக்காலத்துல வெள்ளெனவே வேலைக்குப் போயிருவான்." சில நாள் செயலி கிளம்பாமல் நான் இரண்டு மூன்று தடவை முயன்றிருப்பேன். அன்றைக்கு வேறு மாதிரி செய்திகள் வந்து கடைசியில் ஓகே வரும். "இன்னைக்குப் பையனுக்கு வழியில பஞ்சராட்ட இருக்குது" என்பாராம். ஓகே வந்த பிறகுதான் சோறு. சனியும் ஞாயிறும் எனக்கு லீவு என்று தெரியும், அன்றைக்கு மட்டும் காத்திருக்க மாட்டாராம். எனக்குக் குடல்வால் அறுவை நடந்து பத்து நாள் படுத்திருந்தபோது, சுமதி ஒளித்தும் அப்பா எப்படியோ தெரிந்துகொண்டு கூப்பிட்டதற்குக் காரணமும் அப்போதுதான் புரிந்தது. சுமதி என் மனைவி.

5

எண்ணைத் திரும்பப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். புதிய அமைப்பில் குறுஞ்செய்திக்கு எந்த எண்ணைச் சேர்த்தாலும் எங்கள் ஆபீசில் தனியுரிமை விஷயங்களைப் பார்க்கிற காத்ரின் என்கிற அம்மா ஒப்புதல் தர வேண்டும். நல்ல பெண்மணி. எனக்கு 'ங்க' போடாமல் பேச வராது, அதனால் ஜெர்மனிலும் எல்லோரையும், பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளைக்கூட, மரியாதைப் பன்மையில்தான் கூப்பிடுவேன். அதற்காக ஆபீசே என்னைக் கேலி செய்தபோது செய்யாத ஒரே ஆள் அவர்தான். மூன்று பக்கப் படிவம் கொடுத்தார். எண்ணுக்குரியவரின் கையெழுத்து வேண்டும். என்ன செய்தி, எங்கிருந்து வருகிறது, எதற்காக என்று அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

"உங்கள் அப்பாவுக்கு இது எதற்காகத் தேவை?" என்று காத்ரின் கேட்டார்.

"சாப்பிடுவதற்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கையெழுத்து வாங்க வேண்டுமானால் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குத் துணிச்சல் வரவில்லை. வீட்டிலிருந்தே தினமும் செய்தி போகிற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதேன் என்றாள் சுமதி. எழுதலாம், அரை மணி நேர வேலை.

"நான் செத்துக் கெடந்தாலும் அது ஓகேன்னு போகும்டி" என்றேன்.

அப்படியானால் கையாலேயே அனுப்புவது என்று முடிவு செய்தேன். ஓகே. இரண்டே எழுத்து. இதில் என்ன கஷ்டம்?

6

மூன்று வாரம் தாங்கியது.

அப்புறம் ஒருநாள் எட்டு மணிக்கே கூட்டம். ஒருநாள் ரயிலில் போன் அணைந்துவிட்டது. ஒருநாள் மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு. மதியம் ஞாபகம் வந்து அனுப்பினால் ஊரில் பொழுது சாயப் போகும். மகள் பரிதாபப்பட்டு என் போனில் ஒரு அலாரம் வைத்துக் கொடுத்தாள். அதற்கு 'ஓப்பா' என்று பேர் போட்டிருந்தாள். இங்கே பிள்ளைகள் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடும். அப்பாரு எங்கே போனார் என்று கேட்டேன். எழுதத் தெரியாது என்றாள். கூட்டத்தின் நடுவில் ஓப்பா கத்துவார், நான் அமுக்குவேன், முடிந்ததும் அனுப்பலாம் என்று நினைப்பேன். முடிந்ததும் வேறொன்று வரும்.

என்னை நானே எத்தனை திட்டினாலும் தீரவில்லை. தெரியாமல் செய்தபோது பதினோரு வருஷத்தில் வேலைக்குப் போன ஒருநாளும் தவறவில்லை. தெரிந்து செய்ய ஆரம்பித்ததும் வாரத்துக்கு இரண்டு நாள் விட்டுப்போனது. அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்வேன். "வேலைன்னா அப்படித்தான் சாமி" என்பார். நான் அனுப்பாத நாள் அவர் என்ன செய்கிறார் என்று கேட்கப் பயந்தேன்.

மூன்றாவது மாதம் மாமாவிடமிருந்து மறுபடியும் போன் வந்தது. இந்தத் தடவை அவர் கோபத்தில் இருந்தார்.

"மாப்ள, உங்கப்பன் ஆபீசுல மயக்கம் போட்டு உழுந்துட்டாரு. சக்கரை மாத்திரையப் போட்டுக்கிட்டு ரெண்டரை மணி வரைக்கும் சாப்பிடாம உக்காந்திருந்தாரு. நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். டாக்டரு தையலும் ஊசியும் போட்டு ஊட்டுக்கு அனுப்பிட்டாரு, இப்பப் பரவால்ல. உனக்கு ஒரு சேதி போட அவ்வளவு வலிக்குதா?"

அந்த வாரமே விடுப்புக் கேட்டேன். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கிற காகிதம் பாதியில் நின்றது. ஊரைவிட்டுப் போனால் தேதி தவறும் என்றார்கள். தவறட்டும் என்று டிக்கெட் போட்டேன்.

7

அப்பா இளைத்துப் போயிருந்தார். நெற்றியில், விழுந்த இடத்தில், தையல் தழும்பு. என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தடவி, "எதுக்குச் சாமி அலைஞ்சுக்கிட்டு வந்தே" என்றார். இரண்டு நாள் சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்தேன். சொல்லாவிட்டால் அவர் இனியும் காத்திருப்பார், நான் இனியும் மறப்பேன். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பார் என்று யார் சொன்னது? மெஷின் அனுப்பியதுதான் என்று தெரிந்தால் காத்திருப்பதை விட்டுவிடுவார், நேரத்துக்குச் சாப்பிடுவார். அதுதான் என் கணக்கு.

மூன்றாம் நாள் மத்தியானம் மாமாவின் ஆபீசுக்கு அவரோடு போனேன். மாமா வெளியே டிரைவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். மேசைமேல் இருந்த மாமாவின் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. "தொப்பூர் தாண்டிட்டான்" என்றார் அப்பா, யாருக்கோ சொல்வது போல. நான் பக்கத்தில் இருந்ததால் அன்று அவர் எதற்கும் காத்திருக்கவில்லை. பன்னிரண்டரைக்கே சாப்பிட்டு முடித்திருந்தார்.

"அப்பா, ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லு சாமி."

"அந்த ஓகே சேதி நான் போட்டதில்லீங்க. காத்தால நான் ஆபீசுல ஒரு மெசினக் கெளப்புவேன். அது கெளம்புனா அதுவாச் சேதி அனுப்பும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்கு நெம்பர் இல்லாம உங்க நெம்பரைக் குடுத்து வெச்சிருந்தேன். பொறகு அதை மறந்தே போயிட்டேனுங்க."

அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருசமுமா?"

"ஆமாங்கப்பா."

"ஒருநாளும் நீயாப் போடலையா?"

"இந்த மூணு மாசமாப் போட்டனுங்களே."

"அது வந்தும் வராமயுமா இருந்துச்சே" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னார்.

வெளியே ஒரு லாரி பின்னால் வந்து நின்றது. கிளீனர் வண்டியைத் தட்டிக்கொண்டே கத்துகிற சத்தம் ஓய்ந்தது. அப்பா நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. அவருக்கு ஒரு வழி தோன்றியிருந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணு சாமி. அந்த மெசினையே மறுபடியும் போடச் சொல்லிரு. உனக்கு நெம்ப வேலை இருக்கும். அதுன்னா மறக்காது."

"முடியாதுங்கப்பா. உங்க நெம்பரை அதுல இருந்து எடுத்தாச்சுங்க."

"ஆரு எடுத்தா?"

"நாந்தானுங்க."

"எதுக்கு?"

"வேண்டாததுன்னு நெனச்சுட்டனுங்க."

அப்பா தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அதன் திரையை வேட்டி நுனியால் துடைத்து, மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ற நெம்பருன்னு தெரியலையா சாமி?"

"தெரிஞ்சுதுங்கப்பா" என்றேன்.